எக்ஸ்பாக்ஸ் 360 நேண்ட் சிப்பு ரீட் ஆகல, ரைட் ஆகல, ரைட் ஆகியும் ஆன் ஆகல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேண்ட்னா எக்ஸ்பாக்ஸ் 360 போர்டுல சிஸ்டம் சாஃப்ட்வேர் இருக்கிற மெமரி சிப்பு. கன்சோலை மாட் பண்ண, ப்ரோகிராமர்னு ஒரு குட்டி கருவியை போர்டுல ஒயர் வெச்சு இணைச்சு, கம்ப்யூட்டர்லேருந்து அந்த சிப்பைப் படிச்சு மறுபடி எழுதணும். இதுல இருக்கிற கேள்வியெல்லாம் பாதி என்கிட்ட மத்தவங்க கேட்டது, மீதி நானே ராத்திரி ரெண்டு மணிக்கு போர்டை முறைச்சுப் பாத்துக்கிட்டு எனக்குள்ளயே கேட்டுக்கிட்டது. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பத்துல எட்டு பேருக்கு சிப்பும் நல்லா இருக்கும் சாஃப்ட்வேரும் நல்லா இருக்கும், ஒயரும் கரண்டும்தான் தப்பா இருக்கும். அதனால புது ப்ரோகிராமர் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி கீழ இருக்கறத ஒரு தடவை படிச்சிடுங்க.

ப்ரோ, ப்ரோகிராமர் கம்ப்யூட்டர்ல தெரியுது, ஆனா ரீட் குடுத்தா ஃப்ளாஷ் கான்ஃபிக் (சிப்பு என்ன வகைன்னு காட்டற நம்பர்) எல்லாம் பூஜ்யமா வருது. சிப்பு போச்சா?

போகல. அடாப்டரை சொருகினீங்களா?

சிரிக்காதீங்க, நானே இதுக்கு மூணு மணி நேரம் வேஸ்ட் பண்ணியிருக்கேன், ஒயரெல்லாம் கழட்டி மறுபடி வெச்சு டிரைவர் எல்லாம் அழிச்சு மறுபடி போட்டு, கடைசில பாத்தா சுவத்துல ஸ்விட்ச்சே போடல. விஷயம் என்னன்னா நம்ம ப்ரோகிராமர் நேண்ட் சிப்புகிட்ட நேரா பேசறதே இல்ல. அது பேசறது போர்டுல இருக்கிற சவுத்பிரிட்ஜ்ங்கற இன்னொரு சிப்புகிட்ட, சவுத்பிரிட்ஜ்தான் நேண்டை படிச்சு நமக்கு குடுக்குது. சவுத்பிரிட்ஜுக்கு உயிர் வேணும்னா ஸ்டாண்ட்பை கரண்ட் வேணும். அதனால அடாப்டர் சொருகி இருக்கணும், ஆனா பவர் பட்டனை அழுத்தக் கூடாது. பழைய தடி மாடல்னா அடாப்டர்ல ஆரஞ்சு லைட் எரியணும், பச்சையா மாறிடுச்சுன்னா கன்சோல் ஆன் ஆயிடுச்சுன்னு அர்த்தம், அப்ப ஒழுங்கா ரீட் ஆகாது.

இன்னொண்ணு, அமெரிக்காலேருந்து மாமா சித்தப்பா கொண்டு வந்த கன்சோலா இருந்தா அந்த அடாப்டர் 110 வோல்ட்டுக்கு மட்டும் செஞ்சது. நம்மூரு 230-ல நேரா சொருகினா அடாப்டர் காலி. கன்வெர்டர் இல்லாம அந்தப் பக்கமே போகாதீங்க.

அடாப்டரும் ஓகே, இன்னும் பூஜ்யம்தான்னா அடுத்து பாக்க வேண்டியது கிரவுண்ட் ஒயர், அதுக்கடுத்து மிசோ ஒயர், ஏன்னா சிப்புலேருந்து நமக்கு பதில் வர்ற லைன் அது ஒண்ணுதான், அது அந்தரத்துல தொங்குச்சுன்னா எல்லாம் பூஜ்யமாவோ எல்லாம் எஃப் எஃப் எஃப்னோதான் வரும்.

சரியான கான்ஃபிக் எப்படி இருக்கும்? எனக்கு ஏதோ ஒரு நம்பர் வருது, சரியா தப்பான்னு தெரியல.

செனான், செஃபைர், ஃபால்கன் (இதெல்லாம் 360 போர்டு வகைகளோட பேர்) இந்த மூணும் 01198010 காட்டும். 16 எம்பி ஜாஸ்பருக்கும் ட்ரினிட்டிக்கும் 00023010. பெரிய ஜாஸ்பர் 256 எம்பிக்கு 008ஏ3020, 512-க்கு 00ஏஏ3020. 16 எம்பி கொரோனாவுக்கு 00043000. இதுல ஒண்ணு ஒவ்வொரு தடவையும் மாறாம வந்தா லைன் பிடிச்சாச்சு. ஒரு தடவை சரியான நம்பர், அடுத்த தடவை வேற ஏதோன்னு ஆடிச்சுன்னா அது லூஸ் கனெக்ஷன், வேற யோசிக்கவே வேணாம்.

என் போர்டு எதுன்னே தெரியல, திறக்காம கண்டுபிடிக்க முடியுமா?

பின்னாடி ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்குப் பக்கத்துல ஆம்பியர் போட்டிருக்கும், அதைப் பாருங்க. 16.5 ஆம்பியர்னா செனான் இல்லாட்டி செஃபைர், எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தா செஃபைர், இல்லாட்டி செனான். 14.2 ஃபால்கன், அதுலயே எச்டிஎம்ஐ இல்லன்னா ஓபஸ். 12.1 ஜாஸ்பர். ஸ்லிம்ல 10.83 ட்ரினிட்டி, 9.6 கொரோனா. ஆனா ஒண்ணு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதுன்னா ஸ்டிக்கரை நம்பாதீங்க, ரெண்டு செத்த கன்சோலை சேத்து ஒண்ணாக்கி வித்திருப்பாங்க, மேல்மூடி ஒண்ணு போர்டு ஒண்ணா இருக்கும். திறந்து பாத்துட்டு பண்றதுதான் நல்லது.

டம்ப் (நேண்ட்ல இருக்கறதை அப்படியே காப்பி பண்ண ஃபைல்) எடுத்தாச்சு, ஃபைல் சைஸ் எவ்ளோ இருக்கணும்?

16 எம்பி சிப்புன்னா சரியா 17,301,504 பைட். 16 எம்பின்னா 16,777,216 தானே, மீதி எங்கேருந்து வந்துதுன்னு கேப்பாங்க. நேண்ட்ல ஒவ்வொரு 512 பைட்டுக்கும் (இதுதான் ஒரு பேஜ்) பின்னாடி 16 பைட் ஸ்பேர் இருக்கு, அதுலதான் பிளாக் நம்பர், பேட் பிளாக் அடையாளம், ஈசிசி (தப்பைத் திருத்தற கோட்) எல்லாம் உக்காந்திருக்கும். 32,768 பேஜ் இருக்கு, 16-ஆல பெருக்கினா 524,288, கூட்டிக்குங்க.

பெரிய ஜாஸ்பர் 256, 512-ல முழுசா எடுக்கணும்னு அவசியம் இல்ல, சிஸ்டம் இருக்கிற முதல் 64 எம்பி போதும், ஸ்பேரோட சேத்து 69,206,016 பைட் வரும். 4 ஜிபி கொரோனான்னா 50,331,648, அதாவது சுத்தமா 48 எம்பி, அதுல ஸ்பேர் கிடையாது, ஏன்னு கீழ சொல்றேன். இதுல ஒரு பைட் குறைஞ்சாலும் அந்த டம்ப் வேணாம், தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுங்க.

ரெண்டு டம்ப் எடுத்தேன், ரெண்டும் மேட்ச் ஆகல. ஒண்ணு ரெண்டு பைட்தானே வித்தியாசம், ரைட் பண்ணிடலாமா?

பண்ணாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்.

ஃப்ரெண்டு ஒருத்தரோட ஜாஸ்பர், நான்தான் கை வெச்சேன், அவசரம், ஒரே ஒரு டம்ப் எடுத்துட்டு ஈசிசி ஃபைல் (டம்ப்லேருந்து செய்யற, எக்ஸெல்லை ஓட்டற சின்ன ஃபைல்) ரைட் பண்ணிட்டேன். எக்ஸெல் (XeLL, சிபியு கீயைக் காட்டற குட்டி பூட் ப்ரோகிராம்) ஸ்கிரீன் வந்துச்சு, சிபியு கீ (ஒவ்வொரு கன்சோலுக்கும் தனியா இருக்கிற ரகசிய நம்பர்) வந்துச்சு, ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு வந்து பாத்தா கீயை போட்டும் கீவால்ட் (கன்சோலோட அடையாளமும் சாவிகளும் இருக்கிற பகுதி) திறக்கல. டம்ப்பையே ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, ரெண்டாவது பிளாக் பாதிக்கு மேல குப்பை. நேண்ட்ல முதல் பிளாக்ல எஸ்எம்சி (பவர் பட்டனைக் கவனிக்கற குட்டி கன்ட்ரோலர்) ப்ரோகிராம், அதுக்கு அடுத்த பிளாக்ல கீவால்ட், எனக்கு சரியா அந்த இடத்துல ஒயர் ஆடியிருக்கு. சிப்புல இருந்த ஒரிஜினலையும் நானே அந்த குப்பையை வெச்சு அழிச்சாச்சு. கீவால்ட்ல டிவிடி கீ இருக்கு, டிரைவும் போர்டும் ஒண்ணை ஒண்ணு அடையாளம் கண்டுக்கறது அதை வெச்சுதான், அது போனதால அந்த டிரைவ் டிஸ்க் சுத்தறதோட சரி, கேமை எடுக்கவே இல்ல. சிபியு கீ ப்ராசஸர் உள்ள இருக்கிற ஃப்யூஸ்ல எரிச்சிருக்கறதால அது போகாது, வேற கன்சோலோட கீவால்ட்டைப் போட்டு பூட் பண்ண வெக்க முடிஞ்சுது, ஆனா அது அவரோட கன்சோல் மாதிரியே இல்லன்னு அவர் இன்னிக்கும் சொல்லிக் காட்டுவார்.

அதனால ரெண்டு டம்ப், முடிஞ்சா மூணு, நடுவுல அடாப்டரை ஒரு தடவை கழட்டி மாட்டிட்டு எடுங்க, எம்டி5 (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு கோட்) பாத்து ஒண்ணா இருந்தாதான் அடுத்த வேலை. ஜே-ரன்னர் சாஃப்ட்வேர் தானாவே ரெண்டையும் கம்பேர் பண்ணி சொல்லிடும். கம்பேர்ல ஃபெயில்னு வந்தா சாஃப்ட்வேரை திட்டாம ஒயரைப் பாருங்க.

ஒயர்ல அப்படி என்ன பாக்கணும்? மல்டிமீட்டர்ல பீப் அடிக்குதே.

பீப் அடிச்சா கனெக்ஷன் இருக்குன்னுதான் அர்த்தம், நல்ல கனெக்ஷன்னு அர்த்தம் இல்ல. மோசி, மிசோ, க்ளாக், எஸ்எஸ், ஈஜே, எக்ஸ்எக்ஸ், கிரவுண்ட்னு ஏழு ஒயர், இதுல க்ளாக் நீளமா இருந்தா பைட்டெல்லாம் நழுவும். ஒரு ஜாண் நீளத்துக்கு மேல போகாதீங்க. டிவி ரிப்பேர் பண்றப்ப மிஞ்சின தடி ஒயரெல்லாம் வேணாம், 30 கேஜ் கைனார் ஒயர் போதும், மெல்லிசா இருந்தாத்தான் பேடை (போர்டுல ஒயரை சால்டர் பண்ற காப்பர் புள்ளி) இழுக்காது. க்ளாக் ஒயரை மத்ததோட சேத்து முறுக்கி ஜடை போட்டு வெக்காதீங்க, பாக்க அழகா இருக்கும், ரீட் கெட்டுப்போகும்.

கிரவுண்ட்லதான் நிறைய பேர் சறுக்கறாங்க. கிரவுண்ட் பேடுக்குப் பின்னாடி போர்டு முழுக்க காப்பர் இருக்கறதால சூட்டையெல்லாம் அது உறிஞ்சிடும், சாதாரண 25 வாட் அயர்ன்ல ஈயம் மேல உருண்டையா உக்காந்திருக்கும், உள்ள பிடிச்சிருக்காது. ஃப்ளக்ஸ் தாராளமா போட்டு அயர்னை கொஞ்சம் அதிக நேரம் வெக்கணும், இல்லாட்டி பேசாம ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தி இருக்கிற காப்பர்ல வெச்சிடுங்க, அதுவும் கிரவுண்ட்தான்.

போர்டைத் தொட்டா லேசா சுர்ருங்குது, இதனால பிரச்சனை வருமா?

வரும். வீட்ல எர்த்திங் சரியா இல்லாட்டி லேப்டாப் அடாப்டரும் கன்சோல் அடாப்டரும் ஆளுக்கொரு வோல்டேஜ்ல மிதந்துட்டிருக்கும், நீங்க முதல்ல மோசியை தொட வெச்சீங்கன்னா அந்த வித்தியாசம் முழுக்க அந்த ஒரு மெல்லிய லைன் வழியா பாயும். அதனால எப்பவும் கிரவுண்டை முதல்ல மாட்டுங்க, கடைசில கழட்டுங்க. லேப்டாப்பை சார்ஜர்லேருந்து கழட்டி பேட்டரில ஓட்டினா இன்னும் நிம்மதி, பாதில கரண்ட் கட்டானாலும் லேப்டாப் தப்பிக்கும். ஆனா கன்சோலுக்கு கரண்ட் போகும்ல, ரைட் பண்றப்ப அது நடந்தா பயப்படாதீங்க, பாதில நின்ன ரைட்டை கரண்ட் வந்ததும் முதல்லேருந்து மறுபடி பண்ணலாம், டம்ப் பத்திரமா இருக்கற வரைக்கும்.

எர்ரர் 250 ரீடிங் பிளாக்னு ரெண்டு மூணு வரி வருது. சிப்பை மாத்தணுமா?

வேணாம், அது பேட் பிளாக். நேண்ட் சிப்பு ஃபேக்டரிலேருந்தே ஒண்ணு ரெண்டு கெட்ட பிளாக்கோட வர்றது சகஜம், அதுக்காகவே கடைசில 32 பிளாக்கை ரிசர்வ்ல வெச்சிருக்காங்க. 16 எம்பி சிப்புல மொத்தம் 1024 பிளாக், எண்ணிக்கை பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும், முதல் கெட்ட பிளாக்ல இருக்க வேண்டியது 1023-க்குப் போகும், ரெண்டாவது 1022-க்கு, இப்படி பின்னாடிலேருந்து முன்னாடி வரும். அந்த ரிசர்வ்ல ஏற்கனவே ஆள் உக்காந்திருந்தா சரியா ரீமேப் ஆகியிருக்குன்னு அர்த்தம்.

கவனிக்க வேண்டியது என்னன்னா ஒவ்வொரு தடவை ரீட் பண்றப்பவும் அதே பிளாக் நம்பர்தான் வருதான்னு. அதே நம்பர்னா நெஜ பேட் பிளாக். ஒரு தடவை 63, அடுத்த தடவை 410, அதுக்கடுத்த தடவை ஒண்ணுமே இல்லன்னா, அப்ப திரும்ப ஒயர் கதைதான். நூத்துக்கணக்குல வரிசையா வந்தாலும் ஒயர்தான், சிப்பு அவ்ளோ மோசமா போயிருந்தா அந்த கன்சோல் உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே செத்திருக்கும்.

ஈசிசி ஃபைல் ரைட் பண்ணேன், சக்ஸஸ்னு வந்துச்சு, ஆனா எக்ஸெல் வரல.

முதல்ல எப்படி ரைட் பண்ணீங்கன்னு பாருங்க. பழைய நேண்ட்ப்ரோ சாஃப்ட்வேர்ல கமாண்ட் அடிச்சீங்கன்னா மைனஸ் டபிள்யூ வேற, ப்ளஸ் டபிள்யூ வேற. முழு டம்ப்பை இருக்கறபடியே எழுத மைனஸ், ஈசிசி ஃபைலை எழுத ப்ளஸ். மாத்திப் போட்டா எர்ரர் எதுவும் வராது, சக்ஸஸ்தான் சொல்லும், ஆனா பூட் ஆகாது. அந்த ஃபைல் வெறும் 80 பிளாக்தான், 1,351,680 பைட், நிமிஷத்துல முடிஞ்சிடும். ஜே-ரன்னர்ல இதுக்குன்னே தனி பட்டன் இருக்கறதால இந்தக் குழப்பம் வராது.

அது சரியா இருந்தா பிரச்சனை நேண்ட்ல இல்ல, க்ளிட்ச் சிப்புல (போர்டுல நாம கூடுதலா வெக்கற குட்டி சிப்பு). ரீசெட் க்ளிட்ச் முறை 2011-ல வந்தது, ப்ராசஸருக்கு ரொம்ப குட்டியா ஒரு ரீசெட் பல்ஸ் குடுத்து அதை ஏமாத்தறது, ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கும்னு சொல்ல முடியாது, அதனாலதான் சிப்புல எல்ஈடி விட்டு விட்டு மின்னும், ஒரு மின்னலுக்கு ஒரு முயற்சி. எல்ஈடி மின்னுது ஆனா பூட் ஆகலன்னா டைமிங்கோ ஒயர் போற பாதையோ சரியில்ல. மின்னவே இல்லன்னா அந்த சிப்புக்கு கரண்ட் போகல, இல்லாட்டி போஸ்ட் லைன் (ப்ராசஸர் பூட்ல எந்த இடத்துல இருக்குன்னு சிப்புக்கு சொல்ற ஒயர்) விட்டுப்போச்சு. நேண்டை மறுபடி மறுபடி ரைட் பண்ணிட்டு இருக்கறதுல ஒரு புண்ணியமும் இல்ல.

ரைட் பண்ணப்புறம் பவர் பட்டனை அழுத்தினா ஒண்ணுமே ஆகல, ஃபேன் கூட சுத்தல. போர்டு டெட்டா?

இதுக்குத்தான் எல்லாரும் பயந்து போய் கடைக்குக் கொண்டு போறாங்க, ஆனா இருக்கறதுலயே ஈஸியான கேஸ் இதுதான். பவர் பட்டனைக் கவனிக்கறதே எஸ்எம்சின்னு ஒரு குட்டி கன்ட்ரோலர், அதோட ப்ரோகிராம் நேண்டோட முதல் பிளாக்ல இருக்கு. அந்த இடம் காலியாவோ கெட்டோ இருந்தா நீங்க பட்டனை அழுத்தறதைக் கேக்க ஆளே இல்ல. ஆனா ஸ்டாண்ட்பை கரண்ட் இருக்கு, சவுத்பிரிட்ஜ் உயிரோட இருக்கு, ப்ரோகிராமருக்கு அது போதும். ஒரிஜினல் டம்ப்பை மறுபடி எழுதுங்க, எழுந்து உக்காரும்.

ஃபேன் சுத்தி செகப்பு லைட் வந்துச்சுன்னா வேற போர்டோட இமேஜை எழுதிட்டீங்களான்னு பாருங்க, ஃபால்கன் ஃபைலை ஜாஸ்பர்ல போடறதெல்லாம் ராத்திரி வேலைல நடக்கும். தடி மாடல்ல சின்க் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு எஜெக்டை ஒவ்வொண்ணா நாலு தடவை அழுத்தினா லைட்டுலயே எர்ரர் கோட் சொல்லும். டிவில ஈ79 வந்தா முதல்ல ஹார்ட் டிஸ்கைக் கழட்டிட்டுப் பாருங்க, அப்பவும் வந்தா நேண்ட்ல ஃபைல்சிஸ்டம் கெட்டிருக்கு, பெரும்பாலும் பேட் பிளாக் ரீமேப் பண்ணாம எழுதினதால.

ரைட் வேலை செய்யுது, ஆனா சிபியு கீ தப்புன்னு சொல்லுது.

எக்ஸெல் ஸ்கிரீன்ல 12 வரி ஃப்யூஸ்செட் காட்டும், 00-லேருந்து 11 வரைக்கும். 03-உம் 04-உம் ஒரே மாதிரி, 05-உம் 06-உம் ஒரே மாதிரி. சிபியு கீன்னா 03-ஐயும் 05-ஐயும் அடுத்தடுத்து எழுதறது, 32 எழுத்து வரும். 03, 04 ரெண்டையும் சேத்து எழுதிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. அதுவும் இல்லன்னா கையால எழுதறப்ப 8-உம் பி-யும் மாறியிருக்கும், போன்ல போட்டோ எடுத்துடுங்க.

என்னோடது 4 ஜிபி கொரோனா. ப்ரோகிராமர்ல எதுவுமே வரல.

மத்த போர்டுல வெக்கற அதே ஏழு ஒயர்ல டம்ப் வராது, எவ்ளோ ஒயர் மாத்தினாலும் வராது. அதுல இருக்கறது வெறும் நேண்ட் இல்ல, உள்ளயே ஃபைசன் கன்ட்ரோலர் வெச்ச ஈஎம்எம்சி வகை, அதாவது எஸ்டி கார்டு பேசற பாஷைதான் பேசும். ஸ்பேர், பேட் பிளாக் எல்லாத்தையும் அந்த கன்ட்ரோலரே பாத்துக்கறதாலதான் டம்ப் சுத்தமா 48 எம்பி வருது. இதை எஸ்டி கார்டு ரீடர்ல ஒயர் வெச்சு எடுக்கலாம், ஒயர் இன்னும் குட்டியா இருக்கணும். எல்லா ரீடரும் ஒத்துக்காது, ஒண்ணு வரலன்னா வேற ரீடர்ல பாத்துட்டுதான் சால்டரிங்கைக் குறை சொல்லணும். சாஃப்ட்வேரை அட்மினா ஓட்டுங்க.

முக்கியமா, கனெக்ட் ஆனதும் விண்டோஸ் "இந்த டிஸ்கை ஃபார்மேட் பண்ணணும்"னு கேக்கும். கேன்சல். எத்தனை தடவை கேட்டாலும் கேன்சல். பழக்கத்துல ஓகே குடுத்தவங்க கதையெல்லாம் சோகக் கதை.

4 ஜிபின்னாலே கொரோனான்னும் முடிவு பண்ணிடாதீங்க, 4 ஜிபி ட்ரினிட்டியும் உண்டு, அதுல 16 எம்பி நேண்ட் தனி, 4 ஜிபி மெமரி உள்ள யுஎஸ்பில தனியா தொங்கும், அதை சாதாரண ப்ரோகிராமர்லயே எடுக்கலாம்.

எந்த ப்ரோகிராமர் வாங்கலாம்?

இப்ப ஆரம்பிக்கறீங்கன்னா ராஸ்பெர்ரி பை பைக்கோ வாங்கி அதுல பைக்கோஃப்ளாஷர் போட்டுக்கங்க, விலை கம்மி, எங்கயும் கிடைக்கும், விண்டோஸ் 10-ல தனி டிரைவரும் வேணாம். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனீங்கன்னா ஹெடர் பின் அடிச்சதா பாத்து வாங்குங்க. நேண்ட்-எக்ஸ், ஜேஆர் ப்ரோகிராமர் ஏற்கனவே கைல இருந்தா அதுவும் தங்கம்தான், ஆனா அதோட பழைய டிரைவர் சைன் பண்ணாதது, விண்டோஸ் 8-லேருந்து டிரைவர் சிக்னேச்சர் செக்கை ஆஃப் பண்ணாம உள்ள விடாது, "டிவைஸ் நாட் ஃபவுண்ட்"னு அழுதுட்டே இருக்கும். யுஎஸ்பி ஹப்ல சொருகாதீங்க, யுஎஸ்பி 3 போர்ட்ல தகராறு பண்ணா 2 போர்ட்ல போடுங்க. பழைய பிரிண்டர் போர்ட்ல 100 ஓம் ரெசிஸ்டர் ஒரு டயோடு வெச்சு பண்றதும் உண்டு, 16 எம்பிக்கு அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், பொறுமை இருந்தா பண்ணுங்க.

இதை பண்ணிட்டு ஆன்லைன் ஆடலாமா?

வேணாம், கன்சோலை ஆன்லைன்லேருந்து தடை பண்ணிடுவாங்க. 2024 ஜூலை 29-ஓட 360 ஸ்டோரையே மூடிட்டாங்க, வாங்கறதுக்கும் புதுசா ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட இருக்கற டிஸ்கை ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி வெச்சு ஆடறதுக்கும், செத்த டிரைவ் இருக்கற கன்சோலைக் காப்பாத்தறதுக்கும்தான் நான் இதைப் பண்றேன்.

வேலை முடிஞ்சதும் ஒயரைக் கழட்டிடலாமா? அடுத்த தடவை அப்டேட்டுக்கு மறுபடி சால்டர் பண்ணணுமே?

கழட்டிடுங்க. உள்ள விட்டு வெச்ச ஒயர் ஃபேன்ல மாட்டி பேடோட பிடுங்கிட்டு வந்ததைப் பாத்திருக்கேன். எக்ஸெல் ஒரு தடவை வந்துட்டா அதுக்கப்புறம் ஒயரே வேணாம், புது இமேஜுக்கு அப்ட்ஃப்ளாஷ் டாட் பின்னு (updflash.bin) பேர் வெச்சு ஃபேட்32 பென் டிரைவ்ல போட்டு, பவர் பட்டனுக்கு பதிலா எஜெக்ட் பட்டனை அழுத்தி ஆன் பண்ணா எக்ஸெல்லே எடுத்து எழுதிக்கும். அது ஓடறப்ப மட்டும் கரண்ட் போகாம பாத்துக்குங்க, இன்வெர்டர் இருக்கற ரூம்ல வெச்சுப் பண்ணுங்க.

அப்புறம் அந்த ஒரிஜினல் டம்ப்பையும் சிபியு கீயையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, ஃபோல்டருக்கு கன்சோலோட சீரியல் நம்பரையே பேரா வெச்சு ரெண்டு இடத்துல காப்பி வெச்சுக்கங்க. "நேண்ட் புதுசு ஃபைனல் 2"ன்னு பேர் வெச்ச ஆறு ஃபைல் என்கிட்ட இன்னும் இருக்கு, எது எந்த கன்சோலோடதுன்னு எனக்கே தெரியாது.